இழுப்பு இல்லாத நாளில் எடுக்க வேண்டிய அளவு: ஆஸ்துமா குழந்தைகளின் நுரையீரலைக் கணக்கிடுவது எப்படி?

இழுப்பு இல்லாத நாளில் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போகும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. நள்ளிரவில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கினால் ஆட்டோ பிடித்து ஓடுகிறோம். நெபுலைசர் வைத்து, விலாவுக்குக் கீழே குழி விழுவது நின்று, பிள்ளை தண்ணீர் கேட்கும் அளவுக்குத் தேறியதும் திரும்புகிறோம். இரண்டு நாளில் அது பள்ளிக்கூடம் போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையானாலும் தெருமுனை கிளினிக்கானாலும் இதுதான் சென்னைப் பெற்றோர்களில் பலருக்குத் தெரிந்த ஆஸ்துமா. ஆனால் அந்தப் பிள்ளையின் நுரையீரலைப் பற்றி அதிகம் சொல்லக்கூடிய அளவீடு, அது நன்றாக இருக்கும் நாளில், இருமலோ சளியோ இல்லாத ஒரு காலையில் எடுக்கப்படுவது. பல பிள்ளைகளுக்கு எடுக்கப்படாமலே போவதும் அதுதான். அதை ஏன் எடுக்க வேண்டும், அதன் எண்களை எப்படிப் படிக்க வேண்டும், எந்த இடத்தில் அந்த எண்களை நம்பக் கூடாது என்பதை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆஸ்துமாவில் வந்து போவது மூச்சுக்குழாயின் சுருக்கம் மட்டுமே. அந்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சி, மருந்து போதாத பிள்ளையிடம், இழுப்பு இல்லாத வாரங்களிலும் குறையாமல் தங்கியிருக்கும். சுவர் வீங்கிச் சளி சுரந்து, சுற்றியுள்ள தசை ஒரு சாதாரண ஜலதோஷக் கிருமிக்கும் சுருங்கத் தயாராக இருக்கும் நிலையில், குழாயின் உள்விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. குழந்தையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே சிறியது என்பதால், பெரியவருக்கு உறுத்தாத வீக்கம் அதற்குப் பெரும் தடையாகிவிடுகிறது.

பிள்ளையே சொல்லிவிடாதா என்று கேட்கலாம். பல பிள்ளைகள் சொல்வதில்லை. மாதக்கணக்கில் மெதுவாகக் குறுகும் மூச்சுக்கு உடம்பு பழகிவிடுகிறது. ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தை விட்டுவிட்டு, கிரிக்கெட்டில் எப்போதும் விக்கெட் கீப்பராக நிற்பதும், பி.டி. வகுப்பில் வயிறு வலிக்கிறது என்று உட்கார்ந்துகொள்வதும் வழக்கமாகிவிடுகின்றன. வீட்டில் அதை "சாதுவான பிள்ளை" என்கிறோம். ஸ்டெதஸ்கோப்பும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. இலேசான சுருக்கத்தில் சத்தமே கேட்காமல் போகலாம். மிகக் கடுமையான தாக்குதலிலோ காற்றே உள்ளே போகாததால் சத்தம் நின்றுவிடும், அந்த மௌனம் பேராபத்தின் அடையாளம். காதுக்கும் பிள்ளையின் சொல்லுக்கும் எட்டாத இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் ஊதி அளக்கும் கருவிகள் வந்தன.

ஸ்பைரோமெட்டரின் மூல வடிவத்தை 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் அறிமுகப்படுத்தினார். ஒருவர் மூச்சு முழுவதையும் இழுத்து வெளியே ஊதினால் எவ்வளவு காற்று வருகிறது என்பதை அவர் அளந்தார். ஆஸ்துமாவுக்கு அது மட்டும் போதாது. எவ்வளவு வருகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே முக்கியம். முதல் வினாடிக்குள் வெளியேறும் காற்றைத் தனியே கணக்கிடும் முறை, அதற்கு நூறாண்டு கழித்து, 1947இல் பிரான்சின் ராபர்ட் டிஃபெனோ வழியாக வந்தது. இன்றைக்குப் பரிசோதனைத் தாளில் எஃப்.இ.வி.1 என்று அச்சாகி வருவது அந்த முதல் வினாடிக் காற்று, எஃப்.வி.சி. என்பது கடைசி வரை ஊதி வெளியேற்றிய மொத்தம்.

என் தங்கை மகனுக்கு ஏழு வயதில் முதன்முதலாக இந்தச் சோதனை செய்தபோது நான் அறைக்குள் இருந்தேன். முதலில் காலணியைக் கழற்றச் சொல்லி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து உயரம் எடுத்தார்கள். பிறகு நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வடிகட்டி பொருத்திய புதிய ஊதுகுழலைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் டெக்னீஷியன். "நல்லா இழு, இன்னும் இழு, நெஞ்சு முட்ட இழு… இப்போ ஊது! ஊது ஊது ஊது, நிறுத்தாதே கண்ணா, இன்னும் கொஞ்சம் இருக்கு, விடாதே!" அந்தப் பெண்ணின் முகம் பையனின் முகத்தைவிடச் சிவந்திருந்தது. முதல் முறை அவன் பாதியில் சிரித்துவிட்டான். இரண்டாம் முறை தயங்கித் தொடங்கினான். மூன்றாவதில் நடுவே இருமினான். ஐந்தாவதிலிருந்துதான் திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. எழுந்த கோடு நேராகச் சரிந்து இறங்காமல், நடுவில் உள்வாங்கி, தொங்கும் கயிறு போல வளைந்து இறங்கியது. "இந்தக் குழியைப் பாருங்க, இதுதான் கணக்கு" என்றார் அவர்.

அந்தக் குழிவு, சிறு மூச்சுக்குழாய்கள் ஊதத் தொடங்கிய சற்று நேரத்திலேயே நெருங்கிக்கொள்வதன் படம். குழந்தைகளிடம் இந்த வளைவை எண்ணுக்கு முன்பாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் ஊதிய முறை தவறாக இருந்தால் எண் பொய் சொல்லும். அந்தத் தவறு வளைவில் உடனே தெரிந்துவிடும். ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று கிடைக்க வேண்டும், அவற்றில் மிகச் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த தரம். ஆறு வயதும் அதற்குக் குறைந்தும் உள்ளவர்களுக்கு 100 மில்லிலிட்டர் அல்லது 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது எல்லை. சின்னப் பிள்ளைகள் ஒரு வினாடிக்குள்ளேயே நுரையீரலைக் காலிசெய்துவிடுவதும் உண்டு. அவர்களுக்கு முக்கால் வினாடிக் காற்றையே அளவாக எடுப்பார்கள். பொதுவாக ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, பொறுமையான ஒருவர் சொல்லிக்கொடுத்தால், இதைச் செய்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு டோக்கன் என்று ஓடும் கூடத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை என்பதே நடைமுறைக் குறை.

எண்ணைப் படிப்பதில் பெரியவர்களின் அளவுகோல் ஒன்று குழந்தைகளுக்குக் கேடு செய்கிறது. முதல் வினாடிக் காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் வரும் விகிதம், ஆரோக்கியமான பெரியவரிடம் பொதுவாக 0.75 முதல் 0.80க்கு மேல் இருக்கும்; புகைப்பிடிப்பவர்களுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை 0.70க்குக் கீழே என்று வரையறுக்கிறார்கள். குழந்தைகளின் மூச்சுக்குழாய்கள் நுரையீரலின் அளவோடு ஒப்பிடும்போது அகலமானவை. எனவே அவர்களிடம் இதே விகிதம் 0.90க்கு மேல் இருப்பதுதான் வழக்கம். 1.40 லிட்டர் மொத்தமும் 1.12 லிட்டர் முதல் வினாடிக் காற்றும் ஊதும் ஒரு பிள்ளையின் விகிதம் 0.80. பெரியவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேர்ச்சி. குழந்தை மருத்துவருக்கு அது அடைப்பு. "ரிப்போர்ட் நார்மல்" என்று எழுதப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளில் சிலருடைய கதை இதுதான். வயது, உயரம், பாலினத்துக்கு ஏற்ற கீழ் எல்லையோடு ஒப்பிடும் இசட் மதிப்பைத் தாளில் பார்ப்பது இதற்கு மாற்று. அது மைனஸ் 1.64க்குக் கீழே போனால், நலமுள்ள பிள்ளைகளில் அடிமட்ட 5 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று பொருள்.

அடைப்பு தெரிந்தால், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்தை, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வழியாக, பொதுவாக 4 பஃப், கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதவைப்பார்கள். முதல் வினாடிக் காற்று, அந்தப் பிள்ளைக்கு எதிர்பார்க்கப்படும் அளவில் 12 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால், அடைப்பு மீளக்கூடியது, அதாவது ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதனால்தான் சோதனைக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பிருந்து, முடிந்தால், நிவாரண இன்ஹேலரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். காலையில் இரண்டு பஃப் போட்டுவிட்டுப் போனால் நோய் ஒளிந்துகொள்ளும். ஓடினால் மட்டும் இழுக்கும் பிள்ளையை ஓடவைத்து முன்னும் பின்னும் அளக்கும் முறையும் உண்டு.

இந்த ஒரு சோதனை செய்யப்படாததால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் தங்கை மகனுக்கு ஐந்தரை வயதானபோது, மாதத்தில் பாதி நாள் இரவு இருமல்; ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்து "பிரைமரி காம்ப்ளெக்ஸ்", அதாவது குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய் என்றார்கள். சளியில் கிருமி தேடப்படவில்லை, ஊதவைத்தும் பார்க்கவில்லை. காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு மாதங்கள் ஓடின, இருமல் ஓடவில்லை. காசநோய் குழந்தைகளுக்கு வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையில் அதைத் தேடித்தான் ஆக வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்ற சொல், மூச்சிளைக்கும் பிள்ளைகள் பலர் மேல் தவறாகப் போர்த்தப்படும் போர்வையாக இருந்துவருகிறது. ஆஸ்துமா என்ற பெயருக்கு இருக்கும் பயமும், "பம்ப் போட்டால் பழகிவிடும்" என்ற பேச்சும் அந்தப் போர்வையை இன்னும் இழுத்து மூடுகின்றன.

ஒரு பிள்ளைக்கு எதிர்பார்க்கப்படும் அளவு என்று மேலே சொன்னேன். யாரை வைத்து எதிர்பார்ப்பது? இது நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான சிக்கல். 2012இல் வெளியான உலகளாவிய அளவுச் சமன்பாடுகள் 3 முதல் 95 வயது வரையிலானவர்களுக்குப் பெரும் தரவைத் திரட்டின. ஆனால் இந்தியத் துணைக்கண்டத்தின் தரவை அவற்றுள் சேர்க்க முடியவில்லை. ஒரே உயரமுள்ள ஐரோப்பியக் குழந்தையைவிடத் தென்னிந்தியக் குழந்தையின் நுரையீரல் அளவு சராசரியில் குறைவாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்ததே. ஐரோப்பிய அளவை அப்படியே வைத்தால் நலமான பிள்ளை நோயாளியாகிவிடும். இந்தியர் என்பதற்காக ஒட்டுமொத்தமாக 10 சதவீதம் கழித்தால் உண்மையிலேயே அடைப்புள்ள பிள்ளை நலமாகத் தோன்றிவிடும். அந்தக் குறைவில் எவ்வளவு உடல்வாகு, எவ்வளவு பிறப்பு எடை, எவ்வளவு சத்துக்குறைவும் புகையும் என்பது தனியே பிரித்துச் சொல்லக் கடினமானது. எல்லாவற்றையும் இனத்தின் இயல்பு என்று கழித்துவிடுவது, வறுமை செய்த சேதத்தை இயற்கையின் கணக்கில் எழுதுவதாகும். இந்த ஆட்சேபத்தின் அடிப்படையில்தான் 2023இல் அமெரிக்க நுரையீரல் மருத்துவ அமைப்பான தொராசிக் சொசைட்டி இனம் பாராத ஒரே சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. நமக்கென்று ஒரு அளவும் உண்டு: சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தினர், 7 முதல் 19 வயது வரையுள்ள நலமான தென்னிந்தியப் பிள்ளைகளின் நுரையீரல் அளவுகளை எடுத்து 2000ஆம் ஆண்டில் சமன்பாடுகளாக வெளியிட்டார்கள். பரிசோதனைத் தாளில் எந்த அளவுகோல் பயன்படுத்தப்பட்டது என்று ஒரு சிறிய வரி இருக்கும். ஒவ்வொரு முறையும் அது ஒன்றேதானா என்று பெற்றோர் பார்க்கலாம். வேறு கூடம், வேறு அளவுகோல் என்றால் 85 சதவீதம் 94 ஆனதற்கு மருந்து காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே உறுதியாக நிற்பது ஒன்றுதான்: பிள்ளையைப் பிள்ளையோடே ஒப்பிடுவது. போன வருடம் நன்றாக இருந்த நாளில் எவ்வளவு ஊதியது, உயரம் எவ்வளவு கூடியிருக்கிறது, அதற்கு ஏற்பக் காற்றும் கூடியிருக்கிறதா என்ற கோடு எந்த நாட்டு அட்டவணையையும் நம்பியிருப்பதில்லை. இங்கே குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாடு மிக முக்கியமானது. நுரையீரல் இருபது வயதைத் தாண்டும் வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. எட்டு வயதில் ஊதிய அதே 1.30 லிட்டரைப் பத்து வயதிலும் ஊதினால், எண் மாறவில்லை என்று நிம்மதி கொள்ள முடியாது. இரண்டு வருட வளர்ச்சி அதில் காணாமல் போயிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதில் சேர்க்கப்பட்டு வாலிப வயது வரை ஆண்டுதோறும் அளக்கப்பட்ட 684 ஆஸ்துமா பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவர்களில் கால்வாசிப் பேருக்கே நுரையீரல் வளர்ச்சி இயல்பாக இருந்து, முன்கூட்டியே சரியாமலும் இருந்தது. 11 சதவீதம் பேர் வாலிபத்திலேயே நாள்பட்ட அடைப்பு நோய்க்கான வரையறைக்குள் வந்துவிட்டார்கள். அந்தச் சரிவு எதுவும் ஒரு நள்ளிரவு நெபுலைசரில் தெரியக்கூடியது அல்ல. வருடாவருடம் எடுத்த அளவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால்தான் தெரியும்.

வீட்டில் அளக்க எளிய கருவி பீக் ஃப்ளோ மீட்டர். 1950களில் பிரிட்டனின் மார்ட்டின் ரைட் உருவாக்கிய கருவியின் சிறு வடிவம், நெபுலைசரைவிட விலை குறைந்தது. ஊதும் வேகத்தின் உச்சத்தை மட்டும், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று, முள் காட்டும். நன்றாக இருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, பெரிய எண்ணைக் குறித்து, அவற்றில் உச்சத்தை "சொந்த உச்சம்" என்று வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பையனுக்கு அது 220. அதில் 80 சதவீதமான 176க்கு மேல் என்றால் பச்சை. 110 முதல் 176 வரை மஞ்சள், மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி கூடுதல் மருந்து. பாதியான 110க்குக் கீழே சிவப்பு, நிவாரண மருந்து கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியது. தங்கை இந்த மூன்று எண்களையும் மூன்று நிற ஸ்டிக்கரில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். பையன் வளர வளர ஸ்டிக்கர் மாற வேண்டும். பழைய உச்சத்தை வைத்துப் பார்த்தால் மஞ்சளும் பச்சையாகத் தெரியும்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் தினமும் பீக் ஃப்ளோ வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். அந்த முள் பெரிய குழாய்களின் வேகத்தைத்தான் காட்டுகிறது. சிறு குழாய்களில் அடைப்பு இருக்கும்போதும் நல்ல எண் வரலாம். முழு மூச்சோடு ஊதாவிட்டால் எண் விழும். கருவிக்குள் ரகசியமாகப் பதிவான எண்களோடு நாட்குறிப்பை ஒப்பிட்ட ஆய்வுகளில், ஊதாமலே எழுதப்பட்ட எண்கள் கணிசமாக இருந்தன. ஊதச் சலித்த பிள்ளையும் வேலைக்குப் போகும் தாயும் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதிவிடுவது மனித இயல்பு. அறிகுறிகளை மட்டும் வைத்து நடக்கும் குடும்பங்களைவிட, பீக் ஃப்ளோவை வைத்து நடக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவசரச் சிகிச்சை குறையவில்லை என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. மூச்சடைப்பைத் தானே உணராத பிள்ளைக்கும், திடீரென்று கடுமையாக இழுக்கும் பிள்ளைக்கும், மருந்தை மாற்றும் வாரங்களிலும் அந்தக் கருவி மிகவும் பயன்படும். மற்றவர்களுக்கு, இரவில் எத்தனை முறை எழுந்தது, ஓடும்போது நின்றதா, நிவாரண இன்ஹேலர் வாரத்தில் எத்தனை தடவை என்ற கேள்விகளுக்கான நேர்மையான பதில் போதும். 4 முதல் 11 வயதுக்கான ஏழு கேள்வித் தாள் ஒன்று உண்டு. நான்கைப் பிள்ளையே பதில் சொல்ல வேண்டும், மூன்றைப் பெற்றோர். மொத்தம் 27இல் 19 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. பிள்ளையிடமே கேட்கும் அந்த நான்கு கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஊதத் தெரியாத மூன்று நான்கு வயதுக்காரர்களுக்கு ஆசிலோமெட்ரி இருக்கிறது: பிள்ளை சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, கருவி மெல்லிய அழுத்த அலைகளை அனுப்பிக் குழாயின் தடையை அளக்கும். நகரத்தின் பெரிய மையங்கள் சிலவற்றோடு அது நின்றுவிடுகிறது. வெளிமூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை அளந்து அழற்சியை ஊகிக்கும் சோதனையும் அப்படித்தான். குழந்தைகளில் பில்லியனில் 35 பங்குக்கு மேல் என்றால் ஒவ்வாமை வகை அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம், ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு அது நன்றாகக் கேட்கும்.

எப்போதெல்லாம் அளப்பது? நோயை உறுதிசெய்யும்போது ஒரு முறை. மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதத்தில், அந்தப் பிள்ளையின் சொந்த உச்சத்தைத் தெரிந்துகொள்ள ஒரு முறை. பிறகு குறைந்தது ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை, அடிக்கடி தாக்குதல் வரும் பிள்ளைக்கு இன்னும் நெருக்கமாக. சென்னையில் இதற்கு நல்ல காலம் எது என்பதையும் யோசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வீடு ஜலதோஷம் சுற்றும். தீபாவளிப் புகையும் போகிப் புகையும் அதை ஒட்டியே வரும். எண்ணூர், மணலி, கொடுங்கையூர் பக்கம் இருப்பவர்களுக்குப் புகைக்குப் பருவமே கிடையாது. ஜலதோஷம் விட்டுச் சில வாரமாவது ஆகாமல் எடுத்த எண் பிள்ளையின் அடிப்படை அளவாகாது. எண் விழுந்திருந்தால் உடனே மருந்தைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு: ஸ்பேசரை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறார்களா, தடுப்பு இன்ஹேலர் தினமும் போடப்படுகிறதா, தீர்ந்துபோன பம்பையே அழுத்திக்கொண்டிருக்கிறார்களா, படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா. எங்கள் வீட்டில் முதல் சரிவுக்குக் காரணம் காலியான பம்ப்.

நுரையீரல் அளவு மருந்தைக் கூட்டுவதற்குத்தான் என்ற எண்ணமும் சரியல்ல. குறைப்பதற்கும் அதுவே துணை. ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குத் தாய்மார்கள் அஞ்சுவது வெறும் மூடநம்பிக்கை இல்லை. மேலே சொன்ன வட அமெரிக்கப் பிள்ளைகளில், பல ஆண்டுகள் தினமும் புடசொனைடு என்ற ஸ்டீராய்டை இழுத்தவர்கள் வளர்ந்து பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். அது சிறிய விலை, கட்டுப்படாத ஆஸ்துமா கேட்கும் விலை அதைவிடப் பெரியது; ஆனாலும் தேவைக்கு மேல் ஒரு மைக்ரோகிராமும் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் இருமலும் இரவு விழிப்பும் இல்லாமல் இருந்து, ஊதும் அளவும் சொந்த உச்சத்தில் நிலைத்தால், மருந்தைக் கால்வாசியிலிருந்து பாதி வரை குறைத்துப் பார்க்கலாம். அறிகுறி இல்லை என்பதை மட்டும் நம்பிக் குறைத்தால், உணராத அடைப்போடு குறைத்துவிடும் அபாயம் இருக்கிறது.

எங்கள் பையனுக்கு இப்போது ஒன்பது வயது, உயரம் 11 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. பிப்ரவரியில், இருமல் இல்லாத ஒரு சனிக்கிழமை காலை, அதே கூடத்தில் அதே பெண்மணி முன்னால் உட்கார்ந்து மூன்றே முறையில் ஊதி முடித்தான். குழி முழுவதும் நிரம்பவில்லை, முன்பைவிட ஆழம் குறைந்திருக்கிறது. மருத்துவர் மாலை மருந்தை நிறுத்திக் காலை மருந்தை மட்டும் வைத்திருக்கிறார். மறுபடி ஊதும் தேதி மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன். அன்றைய எண் கீழே இறங்கியிருந்தால் மாலை மருந்து திரும்ப வரும், அக்டோபர் மழைக்கு முன்னால் இன்னொரு முறை அளப்பார்கள்.